ஐம்பத்திரண்டு அம்ச ஒப்படைப்பு

கசில்டாவின் பித்தப்பையைக் கல்லோடு எடுத்துத் தைத்து முடிக்க டாக்டர்களுக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. தைத்த பிறகு அவளை ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து, நேர் எதிரே இருபது அடி தள்ளியிருந்த பெண்கள் வார்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. முன்னதற்கு அந்த மருத்துவமனையில் சிகிச்சை என்று பெயர். பின்னதற்கு மேம்பாடு என்று பெயர்.

அவள் கணவர் சிந்துல்ஃபோ அசுன்சியோன் நகரில் முப்பத்தொரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். ஒப்படைப்பு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். தினமும் மதியம் இரண்டு மணிக்குச் சந்தை வாசலில் வண்டியை நிறுத்தி, அடுத்த ஓட்டுநரிடம், "பிரேக்கை ரெண்டு வாட்டி மிதிச்சாத்தான் பிடிக்கும். பின்கதவு இன்னிக்குத் திறக்கறதில்லைன்னு முடிவு பண்ணிடுச்சு. மூணாவது சீட்டுல தூங்கறவரு துறைமுகத்துல இறங்கணும், எழுப்பி விட்டுரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். இத்தனை வருடத்தில் ஒரு வண்டியும் ஆற்றில் விழவில்லை. தூங்குகிறவர்களும் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள்.

அன்று அவர் ஒப்படைக்க வேண்டியிருந்த செய்தி அதைவிடச் சின்னது. கசில்டாவுக்கு டிபிரோனா ஆகாது. அவ்வளவுதான்.

டிபிரோனா என்பது வலிக்குப் போடும் ஊசி மருந்து. அந்த நாட்டில் தலைவலிக்கும் அதுதான், பல்வலிக்கும் அதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு முழங்கால் வலித்தால் நம் வீட்டு அலமாரியிலிருந்து மாத்திரையாக எடுத்துக் கொடுப்பதும் அதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் பல் பிடுங்கப் போன இடத்தில் யாரோ அதைப் போட்டுவிட, கசில்டாவின் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. சிந்துல்ஃபோ தன் பேருந்தைப் பயணிகளோடு திருப்பி, அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பயணிகளில் ஒருவர்கூட நடுவில் இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று தெரியாமல் எப்படி வீட்டுக்குப் போவது? இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தை சிந்துல்ஃபோ இன்னும் மறக்கவில்லை.

ஆகவே காலை ஆறு மணிக்கே அவர் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார். வாசல் காவலரிடம் சொன்னார். பதிவு எழுதுகிறவரிடம் சொன்னார். வாசலில் சீப்பா ரொட்டி விற்கிறவளிடமும் சொல்லிவைத்தார். "டிபிரோனா ஆகாது, சரிண்ணே. ரொட்டி ஆகுமில்ல?" என்று அவள் ஒருத்திதான் திருப்பிச் சொன்னாள். கடைசியாகத் தியேட்டர் நர்ஸ் நிமியாவிடம் சொன்னார். ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட நிமியா பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"ஏம்மா, காகிதத்துல எழுத மாட்டீங்களா?"

"காகிதத்துல எழுதினா இயக்ககத்துக்குப் போயிடும்ணே. கையில எழுதினா என்கூடவே இருக்கும்" என்றாள்.

இயக்ககம் என்று அவள் சொன்னது ஒப்படைப்பு மேம்பாட்டு இயக்ககத்தை. அது வருவதற்கு முன் அந்த மருத்துவமனையில் ஒப்படைப்பு மாடிப்படித் திருப்பத்தில் நடந்துகொண்டிருந்தது. தியேட்டர் நர்சுகளும் வார்டு நர்சுகளும் படிகளில் வட்டமாக உட்கார்வார்கள். யெர்பா இலைத்தூள் போட்ட கொம்புக் குவளையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலால் ஒருவர் மாற்றி ஒருவர் தெரெரே குடிப்பார்கள். அந்த ஊரில் பாராளுமன்றத்திலிருந்து பஞ்சர் கடை வரை எல்லாம் நடப்பது இந்தக் குவளையைச் சுற்றித்தான். குவளை யார் கையில் இருக்கிறதோ அவர் குடிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள். பன்னிரண்டாம் கட்டில்காரருக்குக் காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, ஏழாம் கட்டில்காரி வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளணும் என்று எல்லாம் அதில் கைமாறிவிடும். புரியாதவர்கள் கேட்பார்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். இதைக் கண்டுபிடித்த இயக்ககம் 'அதிகாரபூர்வமற்ற தகவல் கசிவு' என்று பெயரிட்டு, படித் திருப்பத்தில் தெரெரே குடிப்பதைத் தடைசெய்து, அந்த இடத்தில் ஒப்படைப்பின் முக்கியத்துவம் பற்றிய பலகை ஒன்றை வைத்தது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் ஐம்பத்திரண்டு அம்ச ஒப்படைப்பு. கசில்டாவின் அதிர்ஷ்டமோ என்னமோ, அதற்கு வெளிநாட்டுச் சான்றிதழ் வழங்குவதற்காக ஒரு மதிப்பீட்டாளர் வந்திருந்த அதே நாளில், அவர் காபி குடித்து முடித்த அதே நேரத்தில், அவளுடைய ஸ்ட்ரெச்சர் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மாதிரி நோயாளியாக அவளே தேர்வானாள்.

தாழ்வாரத்தில் தரையில் ஒரு சிவப்புக் கோடும் ஒரு பச்சைக் கோடும் போட்டிருந்தார்கள். நோயாளியைக் கொடுப்பவர் சிவப்பு மேலங்கி அணிந்து சிவப்புக் கோட்டில் நிற்க வேண்டும். வாங்குபவர் பச்சை மேலங்கி அணிந்து பச்சைக் கோட்டில் நிற்க வேண்டும். சிவப்பு நிமியா. பச்சை, வார்டு நர்ஸ் பெர்லா. முன்தகவல் எதுவும் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பெர்லாவைக் காலையிலிருந்து படுக்கை விரிப்பு அறையில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். இப்போது வெளியே கொண்டுவந்து காதில் பெரிய ஹெட்போனையும் மாட்டியிருந்தார்கள். அம்சங்கள் அச்சிட்ட அட்டையிலிருந்து நிமியா மைக்கில் வாசிப்பது மட்டுமே அவள் காதில் விழும். மைக்கின் சுவிட்ச் இயக்குநர் கையில் இருந்தது.

இயக்குநர் டாக்டர் வெனான்சியோ இன்ஸ்ஃப்ரான் கத்தியைக் கடைசியாகத் தொட்டு இருபது வருடம் ஆன அறுவைச் சிகிச்சை நிபுணர். வெளியே நாற்பத்தொரு டிகிரி வெயில். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் மைக்குக்கும் கேமரா விளக்குக்கும் மட்டுமே போதுமானதாக இருந்ததால் மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். கோட்டும் டையும் போட்டிருந்த இயக்குநர் வியர்வையை ஒற்றி ஒற்றி மதிப்பீட்டாளர் அம்மையாரிடம் விளக்கினார். ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நெட்டையான அம்மையார் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார்.

"முன்னாடி இங்க நிலைமை எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்திருக்கணும் மேடம். ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸ்கிட்ட நேரடியாப் பேசிட்டிருந்தாங்க. முகத்தைப் பாத்து! சந்தேகம் வந்தா கேள்வி வேற கேப்பாங்க, அதுக்கு உடனே பதில் வேற! எந்தக் கேள்விக்கும் எண் கிடையாது. இப்ப எங்க லட்சியம் கேள்வியே இல்லாத ஒப்படைப்பு. கேள்வி வந்தா தகவல் சரியாப் போகலைன்னு அர்த்தம். அதனால கேள்வி கேட்டா ரெண்டு மதிப்பெண் குறைப்போம். அதுலேர்ந்து பாருங்க, ஒருத்தரும் கேக்கறதில்ல!"

"புகார்கள்?" என்று அம்மையார் கேட்டார்.

"போன வருஷம் நூத்துப் பதினேழு. இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல. புகார்ப் படிவத்தை இணைப்பு ஐந்துல சேர்த்திருக்கோம். இணைப்புகள் இன்னும் அச்சாகி வரல."

அம்மையார் 'புகார்: பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டார்.

சிந்துல்ஃபோ கயிற்றுக்கு இந்தப் பக்கம், 'உறவினர் அமைதி மண்டலம்' என்று எழுதிய இடத்தில் கைப்பையோடு நின்றிருந்தார். பச்சைக் கோட்டருகே ஒரு தட்டில் மருந்து நிரப்பிய ஊசி ஒன்று இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'டிபிரோனா' என்று எழுதியிருந்தது.

"அந்த ஊசி யாருக்குங்க?" என்று பக்கத்தில் நின்ற காவலரைக் கேட்டார்.

"நாப்பத்திநாலாவது அம்சம்ணே. ஒப்படைக்கும்போதே வலியும் போகணும்னு டாக்டரோட யோசனை. எல்லாருக்கும் ஒரே ஊசி, காலையிலேயே ரொப்பி வெச்சிடுவாங்க."

"ஐயோ, அது அவளுக்கு ஆகாதுய்யா!"

"உஸ்ஸ்! இப்பத்தான் ஒண்ணாவது அம்சம். நடுவுல எத்தனையோ இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார் காவலர்.

மணி அடித்தது. நிமியா வாசிக்கத் தொடங்கினாள். முதல் அம்சம், ஒப்படைப்பவர் வணக்கம் தெரிவித்தல். இரண்டு, வணக்கத்தைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்தல். ஏழாவதில் ஸ்ட்ரெச்சரின் சக்கரங்களை எண்ணினார்கள், நான்கு இருந்தன. பன்னிரண்டாவதில் இருவரும் சேர்ந்து இயக்ககத்தின் குறிக்கோளை ஒப்புவித்தார்கள். பத்தொன்பது, ஒப்படைப்பு பற்றி நோயாளியின் கருத்து. மயக்கத்திலிருந்த கசில்டா வாயைத் திறந்து குறட்டை விட்டாள். 'திருப்தி' என்று டிக் போட்டார்கள்.

முப்பத்தொன்றில் நிமியா நின்றாள். "ஒவ்வாமை: இல்லை" என்று அட்டையில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. மருந்தின் பெயர் எழுத வேண்டிய இடம் இணைப்பு மூன்றில் இருந்தது. இயக்ககச் சின்னத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்ததால் இணைப்புகள் அச்சகத்திலேயே நின்றுபோயிருந்தன. அது வரும்வரை எல்லா நோயாளிகளுக்கும் ஒவ்வாமை இல்லை என்று சுற்றறிக்கை சொன்னது.

"ஒவ்வாமை இருக்கு" என்றாள் நிமியா. "இந்தம்மாவுக்கு..."

டக்கென்று சுவிட்ச் அணைந்தது. பெர்லா காதில் ஒன்றும் விழாமல் நிமியாவின் உதட்டையே உற்றுப் பார்த்தாள். நிமியா தலையை ஆட்டி, கண்ணை உருட்டி, கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காலையிலிருந்து கையுறைக்குள் வியர்த்து வியர்த்து எழுத்தெல்லாம் நீலமாய்க் கரைந்திருந்தது.

"அட்டைக்கு வெளியே பேச்சு. சைகை" என்றார் மதிப்பீட்டாளர் வருத்தத்தோடு. "முதலிலிருந்து."

"நிமியா, உனக்கு எத்தனை வாட்டி சொல்றது? தெரிஞ்சதைச் சொல்லாதே. எழுதியிருக்கறதைச் சொல்லு" என்றார் இயக்குநர். "தெரிஞ்சதை எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சா ஒழுங்குமுறை என்னத்துக்கு ஆகும்?"

மறுபடி வணக்கத்திலிருந்து தொடங்கினார்கள். சிந்துல்ஃபோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெரிசல் நேரத்தில் பயணிகளைப் பின்னால் தள்ளிப் போகச் சொல்கிற அதே குரலில், "டிபிரோனா ஆகாது! செத்துப்போயிடுவா!" என்று கத்தினார். தாழ்வாரத்தின் கடைசியிலிருந்த புறாக்கள் பறந்தன. பெர்லாவுக்குக் கேட்கவில்லை. மதிப்பீட்டாளர் 'சுற்றுப்புற ஓசை' என்று எழுதிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் போய்த்தான் சொல்லணும்" என்று காவலர் இரக்கப்பட்டுச் சொன்னார். "ஆனா சும்மா போக முடியாது. தியேட்டர் உறவினர் நீங்க. வார்டு உறவினரா ஆகணும்னா உங்களையும் ஒப்படைக்கணும்."

"யாருய்யா ஒப்படைக்கறது?"

"நான்தான்."

"வாங்கிக்கறது?"

"அதுவும் நான்தான். ஆள் பத்தலை."

காவலர் சிவப்பு மேலங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு, எதிரே உறவினர்களுக்கென்று தரையில் வைத்திருந்த, யாரும் நிற்காத பச்சைப் புள்ளியைப் பார்த்து, "உறவினர் ஒன்று. ஆண். தானே நடப்பவர். பை ஒன்று. அதில் பிளாஸ்க் ஒன்று, கொம்புக் குவளை ஒன்று, மாற்றுத் துணி ஒரு செட்" என்று வாசித்தார். பிறகு ஓடிப்போய் மறுபக்கம் நின்று, பச்சையை மாட்டிக்கொண்டு, பிளாஸ்க்கைத் திறந்து பார்த்து, "பெற்றுக்கொண்டேன்" என்றார். மீண்டும் இந்தப் பக்கம் ஓடி வந்தார். உருண்டையான மனிதர், மூன்றாவது ஓட்டத்தில் மூச்சிரைத்தது.

"உறவினரிடம் உள்ள தகவல்: இல்லை" என்று வாசித்தார்.

"இருக்குய்யா! அதுக்குத்தானே இத்தனை கூத்தும்!"

"உறவினருக்குத் தகவல் குடுக்கறதுக்குத்தான்ணே பகுதி இருக்கு. உறவினர்கிட்டேர்ந்து வாங்கறதுக்குப் படிவத்துல இடமில்ல. கோவிச்சுக்காதீங்க, உங்களால எனக்கு ரெண்டு மதிப்பெண் போயிடும்."

இப்படியாக சிந்துல்ஃபோ முறைப்படி வார்டு உறவினர் ஆனார். பெர்லாவுக்கு ஆறடி பின்னால், சுவரோரம் ஒரு வட்டத்துக்குள் நிறுத்தினார்கள். ஆறடியிலிருந்து கூப்பிட்டார். ஹெட்போன் திரும்பிப் பார்க்கவில்லை. வட்டத்தை விட்டு ஒரு கால் வெளியே வைத்தார். காவலர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வெளிய தள்ளிட்டா மறுபடி தியேட்டர் உறவினர் ஆயிடுவீங்க" என்று காதருகே கெஞ்சினார்.

இரண்டாவது தடவை முப்பத்தொன்றை நிமியா அட்டையில் இருந்தபடியே வாசித்தாள். முப்பத்தெட்டு வரை போனபோது, கேமராக்காரர் நிமியாவின் மேலங்கி உள்பக்கம் வெளியாக இருப்பதைக் கண்டுபிடித்தார். இயக்ககத்தின் சின்னம் படத்தில் விழவில்லை. மூன்றாவது தடவையும் வணக்கத்திலிருந்து தொடங்கினார்கள். இதற்குள் கசில்டா மயக்கம் தெளிந்து முனகத் தொடங்கியிருந்தாள். "வலிக்குதே... யாராவது இருக்கீங்களா?" என்றாள். அவளைச் சுற்றிப் பதினோரு பேர் இருந்தார்கள். நோயாளியின் கருத்து பத்தொன்பதிலேயே பதிவாகிவிட்டதால் யாரும் பதில் சொல்லவில்லை.

"பாத்தீங்களா மேடம், இன்னும் இருபத்தஞ்சு அம்சத்துல வலி போயிடும்" என்றார் இயக்குநர்.

நாற்பத்துமூன்று முடிந்தது. பெர்லா தட்டிலிருந்து ஊசியை எடுத்தாள். அவள் பார்வை நிமியா மேல் இருந்தது. நிமியாவின் முகம் சரியில்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. கேட்டால் கேள்வி. அவள் கை சற்றுத் தயங்கியது.

"நில்லுங்க, நில்லுங்க" என்றார் கேமராக்காரர். "இதுதான் அட்டைப்படம். விளக்கை அந்தப் பக்கம் மாத்திக்கறேன், ரெண்டு நிமிஷம்."

எல்லோரும் அப்படியே நின்றார்கள். சிந்துல்ஃபோ அந்த ஊசியையே பார்த்தார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு பயந்ததில்லை. கத்திப் பார்த்தாயிற்று, வட்டத்தைத் தாண்டிப் பார்த்தாயிற்று. அப்புறம் அவர் செய்ததைத் திட்டம் போட்டுத்தான் செய்தாரா என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அவருக்கே தெரியாது. இன்னது செய்வது என்று புலப்படாதபோது அந்த ஊர்க்காரர்கள் எதைச் செய்வார்களோ அதைச் செய்தார். பையிலிருந்து குவளையை எடுத்து, யெர்பாவைத் தட்டிப் போட்டு, பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினார்.

ஐஸ் கட்டிகள் கலகலவென்று மோதின. தாழ்வாரத்தில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது.

முதல் ஊற்று புனித தோமையாருக்கு. அதை யாரும் குடிப்பதில்லை, இலையே குடித்துக்கொள்ளும். சிந்துல்ஃபோ குவளையை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு தோமையார் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். காவலர் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கி நின்றார். இரண்டாவது ஊற்றை சிந்துல்ஃபோ, அங்கிருந்தவர்களில் பெரியவர் என்று இயக்குநரிடம் நீட்டினார்.

டாக்டர் இன்ஸ்ஃப்ரான் தெரெரே தடைச் சுற்றறிக்கையைத் தன் கையால் எழுதியவர். ஆனால் இரண்டு மணி நேரமாக டை கட்டிக்கொண்டு பேசிய தொண்டை அது. நீட்டிய குவளையை மறுப்பது அந்த ஊரில் நீட்டியவரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அவருடைய மூளை சுற்றறிக்கையின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கை நீண்டுவிட்டது. சுவிட்சைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உறிஞ்சினார்.

"இது எந்த அம்சம்?" என்றார் மதிப்பீட்டாளர்.

"தடை படித் திருப்பத்துக்குத்தான் மேடம். இது தாழ்வாரம்" என்றார் இயக்குநர் குழலை விடாமல். பிறகு, ஆரம்பித்த சுற்றை யாரையும் விட்டுவிடாமல் முடித்தே ஆகவேண்டும் என்பது நினைவுக்கு வந்தவராக, "இடைவேளை" என்றார்.

ஸ்டாப்வாட்ச் நின்றது. பெர்லா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். குவளை இயக்குநரிடமிருந்து சிந்துல்ஃபோவிடம் திரும்பி, நிரம்பி, மதிப்பீட்டாளரிடம் போனது. அவர் குழலைத் துடைக்கலாமா என்று யோசித்து, எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துத் துடைக்காமலே குடித்தார். அடுத்து நிமியா. அவள் ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, வீட்டு விஷயம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"பெர்லா, இந்தம்மாவுக்கு டிபிரோனா ஆகாதுடி. தொண்டை அடைச்சிக்கும். அண்ணன் காலையிலேயே சொன்னாரு."

"அதானே, உன் மூஞ்சியைப் பாத்தப்பவே நெனச்சேன். வேற?"

"நடுவுல ஒரு தடவை பிரஷர் இறங்குச்சு, இப்ப சரி. வயித்துக் குழாயில ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, சாயங்காலத்துக்குள்ள ரெண்டு வாட்டி பாரு. நிக்கலைன்னா உடனே டாக்டரைக் கூப்பிட்டுரு."

"தண்ணி குடுக்கலாமா?"

"உதட்டை மட்டும் நனை. இந்தா, அவங்க பல்செட்டு. என் பாக்கெட்டுலயே இருக்கு."

பெர்லா பல்செட்டை வாங்கிக்கொண்டாள். தட்டிலிருந்த ஊசியை எடுத்து, மருந்தை வாஷ்பேசினில் பீய்ச்சிக் கொட்டினாள். பிறகு தன் முறைக்கு வந்த குவளையை வாங்கிக் குடித்தாள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிந்துல்ஃபோ சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமில்லாமல் அழுதார்.

இடைவேளை முடிந்ததும் ஒப்படைப்பு தொடர்ந்தது. 'நாற்பத்துநான்கு: டிபிரோனா கொடுக்கப்பட்டது. வலி குறைந்தது' என்று அட்டையில் அச்சாகியிருந்தது.

"போடலியே டாக்டர்" என்றாள் பெர்லா.

"போடலைன்னா அந்தக் கட்டம் காலியா இருக்கும். காலியா இருந்தா நாப்பத்தஞ்சுக்குப் போக முடியாது. போக முடியலைன்னா முதல்லேர்ந்துதான். உன் இஷ்டம்."

பெர்லா ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். கசில்டா பல்லில்லாத வாயால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெர்லா டிக் போட்டாள். மீதி எட்டு அம்சங்களும் மடமடவென்று முடிந்தன. வார்டுக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வேறு மருந்தைப் போட்டாள். நூற்றுக்கு நூறு என்று மதிப்பீட்டாளர் அறிவித்தார். கேள்விகள் பூஜ்யம், இடைவேளையில் கேட்டவை கணக்கில் வராது.

அவர் ஊருக்குப் போகும் முன் அந்த 'கலாசார இடைவேளை' தன்னை மிகவும் கவர்ந்ததாக எழுதிவிட்டுப் போனார். மூன்றாம் நாளே சுற்றறிக்கை வந்தது. பெர்லா அதை வார்டுக்குக் கொண்டுவந்து கசில்டாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். இனி ஒவ்வோர் ஒப்படைப்பிலும் நாற்பத்துமூன்றுக்குப் பிறகு தரப்படுத்தப்பட்ட தெரெரே உண்டு. ஆளுக்கு நான்கு மிடறு. சுகாதாரம் கருதித் தனித்தனிக் குவளை. குடிக்கும்போது பேசக் கூடாது.

நான்காம் நாள் கசில்டாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் முன்னாலேயே நடந்துபோய் வெளியே உட்கார்ந்துவிட்டாள். வார்டிலிருந்து குடும்பத்துக்கு ஒப்படைப்பு என்பதால் சிந்துல்ஃபோவுக்குப் பச்சை மேலங்கி போட்டுக் கோட்டில் நிறுத்தினார்கள். சான்றிதழ் வாங்கிக் கொடுத்த நோயாளி என்று இயக்குநரே வந்திருந்தார். ஹெட்போனைத் தலையில் மாட்டும் முன், தன் கையில் கொடுக்கப்பட்ட காகிதத்தை சிந்துல்ஃபோ படித்தார். பேருந்துப் பலகையைத் தவிர வேறெதையும் அவ்வளவு கவனமாக அவர் படித்ததில்லை.

'ஒவ்வாமை: இல்லை. டிபிரோனா கொடுக்கப்பட்டது. நோயாளி நன்றாகத் தாங்கிக்கொண்டார். வீட்டிலும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தொடரவும்.'

"டாக்டர், இந்த அம்மா யாரு?" என்றார்.

"உங்க மனைவிதான். பேர் போட்டிருக்கே."

"என் பொண்டாட்டிக்கு இந்த ஊசி போட்டா செத்துடுவா. இந்த அம்மாவுக்குப் போட்டு நல்லாயிருக்காங்கன்னு எழுதியிருக்கு. நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா இந்தக் காகிதத்தைத்தானே பாப்பாங்க? மாத்திக் குடுங்க."

"எப்படி மாத்தறது? நூறு மதிப்பெண் வாங்கின ஆவணம் அது. அதுல தப்பிருந்தா சான்றிதழும் தப்புன்னு ஆயிடும். சான்றிதழ் வரவேற்பறையில மாட்டியாச்சு, நீங்களே பாத்திருப்பீங்க. தப்பு இருக்க வழியே இல்ல. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

சிந்துல்ஃபோ மேலங்கியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். அதன் மேல் காகிதத்தை வைத்தார்.

"அப்படின்னா அந்தக் காகிதத்துல இருக்கற அம்மாவை நீங்களே வெச்சுக்குங்க டாக்டர். நான் வெளிய உக்காந்திருக்கறவளைக் கூட்டிட்டுப் போறேன்."

கையெழுத்து விழாததால் ஒப்படைப்பு நிறைவடையவில்லை. ஆகவே பதிவேட்டின்படி கசில்டா இன்னும் பதினான்காம் கட்டிலில்தான் இருக்கிறாள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டிபிரோனா எடுத்துக்கொள்கிறாள், வலி குறைகிறது, கேள்வி கேட்பதில்லை. கட்டில் காலியில்லை என்று குடலிறக்கத்துக்கு வந்த பெண் ஒருத்தியைத் தாழ்வாரத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

நிஜமான கசில்டா வெளியே பேருந்து நிறுத்தத்தின் நிழலில், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னய்யா இவ்வளவு நேரம்? என்ன சொன்னாங்க?"

"நீ உள்ளதான் இருக்கியாம். ரொம்ப நல்லா இருக்கியாம்."

"யாரு, நானா?"

"நீதான். ஒரு தொந்தரவும் குடுக்கறதில்லையாம். ஊசி போட்டா சிரிக்கிறியாம். உன்னை மாதிரி நோயாளி அந்த ஆஸ்பத்திரிக்கு வாய்ச்சதே இல்லையாம்."

கசில்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, வலிக்குது" என்று வயிற்றை அழுத்திக்கொண்டு சிரித்தாள். சிந்துல்ஃபோவும் சிரித்தார். நிறுத்தத்தில் நின்ற நாலு பேர் விஷயம் தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

"சிரிக்க வெக்காதய்யா, பாவி! தையல் பிரிஞ்சிடும். அப்புறம் மறுபடி உள்ள போகணும்" என்றாள்.

அதைக் கேட்டதும் இருவரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள்.